இடது மூலையில் ஒரு விரல்

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் முட்டிவலி தேவலையா? இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று எழுதத்தான் கை போகிறது, பழக்கதோஷம். சௌக்கியம் இல்லை. உங்கள் தம்பியைக் காணோம்.

சனிக்கிழமை காலையில் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். "சவாரி இருக்கு, ரெண்டு நாள்ல வந்துடுவேன்" என்றார். லாண்டரிக்கு நேரமாகிற அவசரத்தில் நானும் தலையை ஆட்டிவைத்தேன். செவ்வாய்க்கிழமையும் வரவில்லை என்றதும் வேன் ஷெட்டுக்குப் போய்க் கேட்டேன். முதலாளி என்னை ஒரு மாதிரி பார்த்தார். "அவர் வேலைய விட்டு ஒரு மாசத்துக்கு மேல ஆச்சேம்மா, உங்களுக்குத் தெரியாதா?" என்றார். அந்த ஒரு மாதமும் டிரைவர் சட்டையை மாட்டிக்கொண்டு, நான் கட்டிக்கொடுத்த சாப்பாட்டு டப்பாவோடு இந்த மனுஷன் எங்கே போய் உட்கார்ந்திருந்தார் என்று எனக்குத் தெரியாது. முதலாளி மேற்கொண்டு ஏதோ சொல்ல வந்தார், அதற்குள் வண்டி எடுக்க ஆள் வந்துவிட்டது.

வீட்டுச் சாவியையும் அந்தக் குட்டிக் கேமராவையும் டி.வி. மேல் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். சாவியை விடுங்கள், கேமராவை வைத்துவிட்டுப் போனதைத்தான் நம்பமுடியவில்லை. அது இல்லாத சட்டைப்பையோடு அவரை நான் பார்த்ததே இல்லை. "நீங்க கட்டினது என்னையா, அதையா?" என்று நான் கேட்காத நாள் கிடையாது.

போலீஸ் ஸ்டேஷனில் ஆள் போட்டோ கேட்டார்கள். ஆல்பம் ஆல்பமாகப் புரட்டினேன். படம் எடுக்கிறவர் அவர்தானே, எந்தப் படத்திலும் அவர் இல்லை. இருப்பது அந்த விரல் மட்டும்தான். வேன் கதவில் நசுங்கி மடங்காமல் போனதே, இடதுகை ஆள்காட்டி விரல், அது லென்ஸுக்கு முன்னால் நீட்டிக்கொண்டு வந்து நிற்கும். மலைக்கும் விரல், கடலுக்கும் விரல், மகளின் பள்ளிக்கூட மேடைக்கும் விரல். எங்கள் கல்யாணப் படத்தைக் கொடுத்தேன். "இது ரொம்ப பழசும்மா, இதை வச்சு யாரைத் தேடுறது?" என்று திருப்பித் தந்துவிட்டார்கள்.

உங்களிடம் அவருடைய சமீபத்துப் படம் ஏதாவது இருக்கிறதா? இருந்தால் உடனே அனுப்புங்கள். போன் அடித்தால் நீங்கள் எடுப்பதில்லை. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

பதிலுக்கு வாசலையே பார்த்திருக்கும்
உங்கள் வாயாடி

மார்ச் 8

அன்புள்ள வாயாடிக்கு,

கடிதம் கிடைத்தது. தையல் மிஷின் மிதிக்கிறவளுக்கு முட்டி வலிக்காமல் என்ன செய்யும், என்னைப் பற்றிக் கவலை வேண்டாம். போன் ரிப்பேர். ஆள் வந்து பார்க்கிறேன் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறான். எதுவானாலும் எழுது.

மனசைத் தளரவிடாதே. அவன் ஊர் ஊராகச் சுற்றினவன், எங்கே இருந்தாலும் பத்திரமாகத்தான் இருப்பான். குளிருக்கு அந்தப் பச்சை ஸ்வெட்டரை எடுத்துப் போயிருக்கிறான், பயப்படாதே. என்னிடமும் படம் எதுவும் இல்லை.

நீ இங்கே கிளம்பி வந்துவிடாதே. நீ வந்த நேரம் பார்த்து அவன் அங்கே வந்து கதவைத் தட்டினால் யார் திறப்பது? மகளுக்குப் பரீட்சை வேறு வருகிறது. வேளாவேளைக்குச் சாப்பிடு. இல்லாவிட்டால் நீயும் படுத்துக்கொள்வாய்.

என்றும் உன் நலம் நாடும்
அக்கா

மார்ச் 21

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் முட்டிக்கு ஒத்தடம் கொடுக்கிறீர்களா? மகள் நன்றாக இருக்கிறாள், படிக்கிறாள், அழுதால் குளியலறைக்குள் போய் அழுகிறாள். நான் சாப்பிடுகிறேன். என்ன சாப்பிட்டேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

அவருடைய கேமராவில் என்ன இருக்கிறது என்று மகள் போட்டுக் காட்டினாள். எங்கே போனார் என்பதற்கு ஒரு துப்புக் கிடைக்கும் என்று நினைத்தோம். கண்றாவி, அக்கா. கேஸ் அடுப்புத் திருகு ஒரு படம். பூட்டின பூட்டு ஒரு படம். எங்கள் தெருமுனை இஸ்திரிக்கடை ஒரு படம், அடுத்த திருப்பத்துத் தண்ணீர்த் தொட்டி ஒரு படம், அதற்கடுத்த திருப்பம், அதற்கடுத்த திருப்பம். எங்கள் வாசல் கதவு மட்டும் எத்தனை தடவை என்று எண்ணி முடியாது. எல்லாவற்றிலும் மூலையில் விரல். ஊரெல்லாம் அருவியையும் சூரியன் மறைவதையும் எடுப்பார்கள், இந்த மகானுபாவர் அடுப்புத் திருகை எடுத்திருக்கிறார் என்று முதலில் சிரித்தேன். மகள் சிரிக்கவில்லை. பிறகு எனக்குக் கோபம் வந்து கேமராவைக் கட்டிலில் விட்டெறிந்தேன். நல்லவேளை, தலையணை மேல் விழுந்தது.

பழைய சுற்றுலாப் படங்களும் அதில் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமைகளில் கேமராவை எடுத்துக்கொண்டு அந்த இடங்களுக்கெல்லாம் போகிறேன். மலையில் வண்டிகள் நிற்கிற இடத்தில் டீக்கடைக்காரரிடம் அடையாளம் சொன்னேன். "விரல் மடங்காத டிரைவரா? நல்லா தெரியும்மா. எங்க எல்லாரையும் வரிசையா நிக்க வச்சுப் படம் எடுப்பாரு. இந்தப் பக்கம் வந்து ரொம்ப நாளாச்சு" என்றார். கலங்கரை விளக்கத்துக்கும் போனேன். கூட்டத்தில் யார் முதுகைப் பார்த்தாலும் அவர் முதுகாகத் தெரிகிறது. ஒருவரைத் தோளைத் தொட்டுத் திருப்பியே விட்டேன். அவர் மனைவி என்னை முறைத்தாள், நியாயம்தானே.

நீங்கள் போன கடிதத்தில் இன்னும் இரண்டு வரி எழுதியிருக்கலாம்.

உங்கள் ஆறுதலை எதிர்பார்க்கும்
வாயாடி

ஏப்ரல் 16

அன்புள்ள வாயாடிக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. பள்ளிக்கூடச் சீருடை தைக்கிற சமயம், வீடு முழுக்க நீலத்துணி. வேறு வேலையும் சேர்ந்துகொண்டது. எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. உங்கள் இரண்டு பேர் உடம்பையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்களைப் பார்த்து வெகுநாளாயிற்று. கேமராதான் கையில் இருக்கிறதே, உங்கள் இரண்டு பேரையும் எடுத்து அனுப்பேன். தெருவையும் மலையையும் எடுக்கவேண்டாம். நீ சமைக்கிறது, மகள் படிக்கிறது, அந்த மாதிரி. வாசல் கதவு, ஜன்னலோரம் கிடக்கிற அவனுடைய நாற்காலி எல்லாம் தெரியட்டும். நீ முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாமல் சிரித்த மாதிரி இருந்தால் நல்லது. பின்புறம் யார், எது என்று பெரிய எழுத்தில் எழுதிவிடு.

மிஷின் காத்திருக்கிறது, இத்தோடு நிறுத்துகிறேன்.
அக்கா

ஏப்ரல் 29

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் இருக்கிற இடத்தில் வெயில் எப்படி? இங்கே லாண்டரியில் நீராவியும் வெயிலும் சேர்ந்து ஆளை அவிக்கிறது.

கேட்டபடி படங்கள் வைத்திருக்கிறேன். இந்தச் சனியனைப் பழக எனக்கு ஒரு வாரம் பிடித்தது. பூப் படம் போட்ட பொத்தானைத் தெரியாமல் அமுக்கிவிட்டால் கிட்டே இருக்கிற உப்பு ஜாடி துல்லியமாகத் தெரிகிறது, தள்ளி நிற்கிற நான் புகையாகத் தெரிகிறேன். அரிசி டின் மேல் அதை நிறுத்தி, தானாக எடுக்கிற பொத்தானை அமுக்கிவிட்டு அடுப்புக்கு ஓடுவேன். நான் போய்ச் சேர்வதற்குள் 'டிக்' என்கிறது. முதல் நாள் கிடைத்ததெல்லாம் என் முதுகுதான். கடைசியில் மகள் சிரித்துவிட்டாள், நானும் சிரித்தேன், அந்த நேரம் பார்த்து அது எடுத்துவிட்டது. அதைத்தான் மேலே வைத்திருக்கிறேன். ஸ்டூடியோக்காரர் படங்களைக் கொடுக்கும்போது, "இந்தத் தடவை விரல் இல்லையே, யாரு எடுத்தது?" என்று கேட்டார். காசைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

வேன் முதலாளி வீடு தேடி வந்தார். அன்றைக்குச் சொல்ல வாய் வரவில்லையாம். "அவருக்கு வழி மறந்துபோச்சும்மா. கொஞ்ச நாளாவே திருப்பத்துக்குத் திருப்பம் கேமராவுல படத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் ஓட்டினாரு. பாசஞ்சர் கேட்டா, 'நல்ல எடம், ரசிச்சுட்டுப் போவோம்'னு சமாளிப்பாரு. ஒரு தடவை அருவிக்குப் போக வேண்டிய கூட்டத்தை எங்கேயோ ஒரு கல் குவாரியில கொண்டுபோய் நிறுத்திட்டாரு. அவரே வந்து சாவியக் குடுத்துட்டு, வீட்டுல சொல்லிடாதீங்கன்னு கையப் புடிச்சுக்கிட்டாரு" என்றார்.

அப்புறம்தான் அந்தப் படங்களை மறுபடி போட்டுப் பார்த்தேன். அடுப்பை அணைத்தாயிற்றா என்று தெரிந்துகொள்ளத்தான் திருகைப் படம் எடுத்திருக்கிறார். பூட்டியாயிற்றா என்று பார்க்கப் பூட்டு. வீட்டுக்குத் திரும்பி வரத் திருப்பங்கள். கதவு, இதுதான் நம் கதவு என்பதற்கு. என்னையும் எடுத்திருக்கிறார் அக்கா, நான் பார்க்காதபோது, நிறைய. அது எதற்கு என்று யோசிக்க எனக்குத் தைரியம் இல்லை.

அவர் வீட்டுக்கு வரும் வழி முழுக்க இப்போது என் கையில் இருக்கிறது. அவர் கையில் ஒன்றும் இல்லை. எந்தத் தெருமுனையில் நின்றுகொண்டு இடமா வலமா என்று விழிக்கிறாரோ. பெற்ற குழந்தையைச் சந்தையில் தொலைத்தவள் மாதிரி இருக்கிறேன். குழந்தையாவது அழும், யாராவது கையைப் பிடிப்பார்கள். இவர் கௌரவமாகச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு நிற்பார்.

ஒன்று கேட்கவேண்டும். மாமா, உங்கள் அப்பா, எப்படிப் போனார்? 'படுத்த படுக்கையாகக் கிடந்து போய்விட்டார்' என்றுதான் எனக்குச் சொல்லியிருக்கிறீர்கள். அதற்கு முன்னால் எப்படி இருந்தார்? மறைக்காமல் எழுதுங்கள்.

உங்களை விட்டால் கேட்க ஆளில்லாத
வாயாடி

ஜூன் 2

அன்புள்ள வாயாடிக்கு,

மகள் பரீட்சை நல்லபடியாக முடிந்திருக்கும் என்று நம்புகிறேன். எனக்கு லேசான ஜலதோஷம், வேறொன்றும் இல்லை.

படங்கள் ரொம்ப நன்றாக இருக்கின்றன. தினம் காலையில் எடுத்து வைத்துப் பார்க்கிறோம். நீ சிரிக்கிற படம் ஓரம் மடங்கிவிட்டது, முடிந்தால் அது மட்டும் இன்னொன்று போட்டு அனுப்பு. நாற்காலிப் படமும்.

அப்பாவைப் பற்றி இப்போது எதற்கு? போனவர் போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை அலைச்சலை நிறுத்து. வெயிலில் எங்கேயாவது விழுந்துவைக்காதே.

உங்கள் நினைவாகவே இருக்கும்
அக்கா

ஜூன் 11

அக்கா,

நீங்கள் நலமாக இருங்கள். யாராவது ஒருவர் நலமாக இருக்கட்டும்.

ஒரு மாதம் கழித்துப் பதில் போடுகிறீர்கள், அதிலும் 'படம் நன்றாக இருக்கிறது' என்று. உங்கள் கூடப் பிறந்தவர் தொலைந்துபோயிருக்கிறார். நான் என்னமோ சுற்றுலா போய்ப் படம் அனுப்புகிற மாதிரி எழுதுகிறீர்கள். உங்கள் மனசு என்ன மனசு?

திங்கட்கிழமை ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்தது. ஆற்றங்கரையில் ஒருவர் கிடந்தாராம், பையில் விலாசம் எதுவும் இல்லையாம். வயதும் உயரமும் ஒத்துப்போகிறதாம். மகளிடம் சொல்லாமல், லாண்டரியிலிருந்து நேரே ஆஸ்பத்திரிக்குப் போனேன். சவக்கிடங்கு பின்பக்கம். அங்கே இருந்தவர், "மனசைத் திடப்படுத்திக்கோங்கம்மா, மூஞ்சி பார்க்கிற மாதிரி இல்ல" என்றார். "மூஞ்சி வேண்டாம். இடது கைய மட்டும் காட்டுங்க" என்றேன்.

மூடியிருந்த துணி எங்கள் லாண்டரியில் வெளுத்தது, அக்கா. மூலையில் எங்கள் சிவப்புக் குறி. போன வாரம் நானும் கூட வேலை செய்கிறவளுமாக ஆளுக்கொரு முனை பிடித்து மடித்த துணியாகத்தான் இருக்கவேண்டும். இத்தனை வருஷமாக இதற்குத்தான் சுருக்கமில்லாமல் மடித்துக்கொண்டிருந்தேனா என்று நினைத்தேன். கிடங்குக்காரர் ஓரத்தைத் தூக்கினார். நான் அந்த விரலைத் தொட்டுப் பார்த்தேன். அது உள்பக்கம் மடங்கியிருந்தது. மற்ற விரல்களைப் போலவே மடங்கியிருந்தது.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. யாரோ ஒருத்தி வீட்டுக்காரர் அங்கே கிடக்கிறார், நான் வாசல்படியில் உட்கார்ந்து பைத்தியம் மாதிரி சிரிக்கிறேன். அப்புறம் வாந்தி எடுத்தேன். கிடங்கில் இருந்தவர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

இன்னொரு தடவை அங்கே கூப்பிட்டால் நான் போகமாட்டேன். போனால் திரும்பமாட்டேன். மிரட்டுகிறேன் என்று நினைக்காதீர்கள், எனக்கு உண்மையிலேயே தெம்பு இல்லை. உங்களுக்கு ஏதாவது தெரிந்தால் சொல்லுங்கள். தெரியாவிட்டால் இனி எழுதவே வேண்டாம்.

வாயாடி

ஜூன் 17

அன்புள்ள வாயாடிக்கு,

உடம்பைப் பார்த்துக்கொள். நான் நலம்.

உன் படங்களுக்குப் பதிலாக என் படம் ஒன்று வைத்திருக்கிறேன். மிஷினில் உட்கார்ந்து தைக்கும்போது எடுத்தது. எதிர்வீட்டுப் பெண் எடுத்தாள். நிதானமாகப் பார்.

அக்கா

ஜூன் 22

அன்புள்ள அக்காவுக்கு,

படம் கிடைத்தது. நீங்கள் இளைத்துப்போயிருக்கிறீர்கள். கண்ணுக்குக் கீழே கருப்பு விழுந்திருக்கிறது. மேஜைமேல் நீலத்துணி, கத்தரிக்கோல், பக்கத்தில் இரண்டு டம்ளர்.

மேலே இடது மூலையில், தோல் நிறத்தில், கலங்கலாக அது நிற்கிறது. தபால்காரர் கையிலிருந்து வாங்கின இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். மகள் வந்து பார்த்துவிட்டு, "அப்பா" என்றாள்.

எதிர்வீட்டுப் பெண்ணுக்கு விரல் மடங்காது போலிருக்கிறது.

இப்போது உங்கள் கடிதங்களை வரிசையாக எடுத்துவைத்துப் படித்தேன். பச்சை ஸ்வெட்டர் என்று நான் எழுதவே இல்லை, எழுதியிருப்பேன் என்று நானே நினைத்துக்கொண்டேன். 'பார்க்கிறோம்' என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் வந்து தட்டினால் யார் திறப்பது என்று கேட்டீர்களே, அந்த வரியை எழுத உங்களுக்கு எப்படிக் கை வந்தது? நான் சவக்கிடங்கில் யாரோ ஒருவர் விரலைத் தடவிக்கொண்டிருந்தபோது உங்கள் வீட்டில் அவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். கிட்டே இருந்திருந்தால் உங்களை என்ன செய்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. மூன்று நாள் இந்தக் கடிதத்தை எழுதிக் கிழித்து எழுதிக் கிழித்து, இதுதான் மிச்சம்.

அவர் உயிரோடு இருக்கிறார். அதை எழுதிப் பார்க்கிறேன். மறுபடியும் எழுதிப் பார்க்கிறேன். உயிரோடு இருக்கிறார்.

அடுத்த மாதம் முதல் சனிக்கிழமை அங்கே வருகிறேன். கேமராவும் வருகிறது. அவரை எங்கேயாவது மாற்றி வைத்துவிடாதீர்கள், உங்கள் காலில் விழுகிறேன்.

வாயாடி

ஜூன் 27

என் கண்ணே,

நீ என்ன திட்டினாலும் நான் கேட்டுக்கொள்ள வேண்டியவள்தான். அவன் உடம்பு நன்றாக இருக்கிறது. முதலில் அதைத் தெரிந்துகொள்.

அன்றைக்குப் பஸ் நிலையத்திலிருந்து கூப்பிட்டான். "அக்கா, உன் வீட்டுக்கு எப்படி வரணும்னு தெரியலை" என்று அழுதான். போய் அழைத்துவந்தேன். அப்பா கடைசி வருஷங்களில் யாரையும் தெரியாமல், கதவைத் திறந்தால் ஓடிவிடுகிறவராக இருந்தார். அம்மா அவரைக் கட்டிப்போட்டு, தானும் கூடவே கட்டுண்டு, நாற்பது வயதிலேயே கிழவியானாள். நாங்கள் இரண்டு பேரும் அதைப் பார்த்து வளர்ந்தவர்கள். உனக்கு அது தெரியவேண்டாம் என்று மறைத்தோம். "அவளை அம்மா மாதிரி ஆக்க மாட்டேன். கேமரா இருந்தா வீட்டுக்குத் திரும்பிப் போயிடுவேன்னுதான் வச்சுட்டு வந்தேன்" என்றான். உன்னிடம் சொல்லமாட்டேன் என்று என் கையைத் தன் தலைமேல் வைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டான். அப்போது அவனுக்குப் பேச்சு தெளிவாக இருந்தது.

சும்மா இருக்கிற நேரமெல்லாம் கை சட்டைப்பையைத் தேடும். பார்க்கச் சகிக்காமல் மருமகன் போட்டுவிட்டுப் போன பழைய கேமராவைக் கொடுத்தேன். அதில்தான் என்னை எடுத்தான். எதிர்வீட்டுப் பெண் எடுத்த படமும் ஒன்று இருந்தது. அதில் விரல் இல்லை. எதை உனக்கு அனுப்புவது என்று ஒரு நாள் முழுக்க இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வாயால் சொல்லமாட்டேன் என்றுதான் சத்தியம் பண்ணியிருந்தேன்.

வா. ஆனால் ஒன்றை மனசில் வைத்துக்கொண்டு வா. நீ சிரிக்கிற படத்தை அவன் தலையணைக்கடியில் வைத்திருக்கிறான். அந்தப் படத்தை அவனுக்குத் தெரியும். போன வாரத்திலிருந்து என்னைச் சில சமயம் 'டெய்லரம்மா' என்கிறான்.

உன்னிடம் மன்னிப்புக் கேட்கவும் வாயில்லாத
அக்கா

ஆகஸ்ட் 9

அன்புள்ள அக்காவுக்கு,

முட்டிக்கு நான் வைத்துவிட்டு வந்த தைலத்தைத் தடவுகிறீர்களா, அலமாரியில் அழகு பார்க்கிறீர்களா? இங்கே மகள் நலம். அவர் நன்றாகச் சாப்பிடுகிறார். நான் இன்னும் கிழவி ஆகவில்லை.

அங்கே நான் சண்டை போடுவேன் என்று நீங்கள் பயந்திருந்தீர்கள். நானும் மூட்டை கட்டிக்கொண்டுதான் வந்தேன். படியேறி வந்தபோது அவர் எழுந்து நின்று, "வாங்க, துணி தைக்கக் குடுக்கணுமா? டெய்லரம்மா உள்ள இருக்காங்க" என்றாரே, அதோடு மூட்டை கீழே விழுந்துவிட்டது.

பஸ்ஸில் வரும்போது நடந்ததை உங்களுக்குச் சொல்லவேண்டும். ஜன்னலோரம் உட்காரவைத்து, அவருடைய கேமராவைக் கையில் கொடுத்தேன். கட்டைவிரலால் அதன் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். என்னிடம் மரியாதையாக, "நீங்க எது வரைக்கும் போறீங்க?" என்று கேட்டார். "நீங்க எறங்குற எடத்துலதான்" என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, "இப்படி வெளிச்சத்துல கொஞ்சம் பாருங்க" என்று என்னை ஒரு படம் எடுத்தார். எதற்கு என்றேன்.

"என் வீட்டுக்காரிக்கு அனுப்பணும். பக்கத்துல நல்ல மனுஷங்க இருக்காங்கன்னு தெரிஞ்சா நிம்மதியா இருப்பா. அவ என்னைத் தேடிட்டு இருப்பா, பாவம். வாய்தான் பெருசு, மனசு தாங்காது."

விலாசம் சொல்லுங்கள், நான் போட்டுவிடுகிறேன் என்றேன். கதவு எண், தெரு, இஸ்திரிக்கடை, தண்ணீர்த் தொட்டி, ஒன்று விடாமல் சொன்னார். எங்கள் வீட்டு விலாசத்தை அத்தனை அழகாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு தூங்குகிற மாதிரி இருந்தேன். அந்தப் படத்தைத்தான் இதோடு வைத்திருக்கிறேன். மூலையில் விரல் இருக்கிறது. 'விரலை எடுங்க, விரலை எடுங்க' என்று இத்தனை வருஷம் கத்தியிருக்கிறேன். அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை.

இஸ்திரிக்கடையிலிருந்து அவரே முன்னால் நடந்தார். திருப்பத்துக்குத் திருப்பம் நின்று, கேமராவில் பார்த்து, தலையாட்டிவிட்டு நடந்தார். எங்கள் கதவுக்கு முன்னால் வந்ததும் படத்தையும் கதவையும் மாறி மாறிப் பார்த்தார். "இதுதான்" என்று சொல்லிவிட்டு, தன் நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டார். மகள் காலடியில் உட்கார்ந்து அவர் முழங்காலில் தலையை வைத்தாள். அவள் தலையைத் தடவிக்கொடுத்தார். அவளை யாரென்று நினைத்துத் தடவினாரோ, நாங்கள் கேட்கவில்லை.

நான் லாண்டரியில் காலை வேலைக்கு மாற்றிக்கொண்டேன். மத்தியானம் வரை மகள் பார்த்துக்கொள்கிறாள். கல்லூரி திறந்ததும் என்ன செய்வது என்று தெரியவில்லை. ஒரு நாள் அவர் கதவைத் திறந்துகொண்டு தெருவில் நடந்துவிட்டார், ஓடிப்போய்ப் பிடித்தேன். அத்தை மாமாவை ஏன் கட்டிப்போட்டார்கள் என்று அன்றைக்கு எனக்குப் புரிந்தது. நாளைக்கு நானும் கட்டிப்போடுவேனோ என்று பயமாக இருக்கிறது. உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது.

தினம் வேலை முடிந்து வந்து கதவைத் தட்டுவேன். சாவி இருந்தாலும் தட்டுவேன். அவர்தான் வந்து திறப்பார். சில நாள் "வந்துட்டியா, ஏன் இவ்வளவு நேரம்?" என்பார். அன்றைக்கு நான் ராணி மாதிரி உள்ளே போவேன். மற்ற நாட்களில் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அவ லாண்டரியிலேர்ந்து இன்னும் வரலைங்க, வர்ற நேரம்தான், உட்காருங்க" என்று தன் நாற்காலியை எனக்கு இழுத்துப் போடுவார். என் படத்தைக் கொண்டுவந்து காட்டுவார். "இவதான்" என்பார்.

நானும் உட்கார்ந்துகொள்கிறேன், அக்கா. இரண்டு பேருமாக வாசலைப் பார்த்துக்கொண்டு எனக்காகக் காத்திருக்கிறோம்.

உங்கள்
வாயாடி